வேல்ஸின் 18 தோல்விகள்: எந்தக் கோபம் யார் மேல்?

2023 அக்டோபர் 7 அன்று பிரான்ஸின் நாந்த் நகரில், ரக்பி உலகக் கோப்பை பிரிவு ஆட்டத்தில் ஜார்ஜியாவை வேல்ஸ் 43-19 என்று வென்றது. அதன் அடுத்த டெஸ்ட் (நாடுகளுக்கு இடையிலான அதிகாரபூர்வ ஆட்டம்) வெற்றி 2025 ஜூலை 12-இல் ஜப்பானின் கோபே நகரில் வந்தது, 31-22. நடுவில் 644 நாட்கள், 18 டெஸ்ட் ஆட்டங்கள், பதினெட்டிலும் தோல்வி. பல நாட்டு வீரர்களை அழைத்துச் சேர்க்கும் பார்பேரியன்ஸ் அணியையும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ரெட்ஸ் அணியையும் இந்த இடைவெளியில் ஜெயித்தார்கள்தான். ஆனால் இரண்டும் டெஸ்ட் கணக்கில் சேராதவை. 2002-03இல் தொடர்ந்து பத்து ஆட்டங்கள் தோற்றதுதான் அதுவரை வேல்ஸின் மோசமான சாதனை. 2024 நவம்பரில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றபோது அது முறிந்தது. அதற்குப் பிறகும் ஏழு தோல்விகள் பாக்கியிருந்தன.

எப்போதும் தோற்கும் அணி தோற்றால் ரசிகனுக்கு வருத்தம் வரும், கோபம் வராது. வேல்ஸ் அப்படிப்பட்ட அணி அல்ல. 2005, 2008, 2012, 2019 ஆகிய நான்கு ஆண்டுகளில் கிராண்ட் ஸ்லாம் அடித்தது, அதாவது ஐரோப்பாவின் ஆறு நாடுகள் ஆண்டுதோறும் மோதும் சிக்ஸ் நேஷன்ஸ் தொடரில் எல்லா ஆட்டத்தையும் வென்றது. 2011, 2019 உலகக் கோப்பைகளில் அரையிறுதி வரை போனது. 2019 ஆகஸ்டில் உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தது. 2021இல் சிக்ஸ் நேஷன்ஸ் கோப்பையை வென்றது. ஏறத்தாழ 31 லட்சம் பேர் வாழும் நாட்டின் அணி இது. அந்த உயரத்திலிருந்து ஆறே ஆண்டில் 14-ஆம் இடம்.

ரசிகர்கள் சொல்லும் குறைகளைக் கேட்டால் எல்லாம் ஒரே மூச்சில் வரும்: கோச் சரியில்லை, ஆட்டக்காரர்களுக்குத் தில் இல்லை, வேல்ஸ் ரக்பியை நடத்தும் யூனியனுக்கு மூளை இல்லை, கிளப்களிடம் காசு இல்லை. நான்கிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் இந்த நான்கும் ஒரே தோல்வியை விளக்குவதில்லை. பதினெட்டையும் புள்ளி வித்தியாசத்தை வைத்துப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் பாதி தெளிந்துவிடும்.

பதினெட்டைப் பிரித்தால்

ரக்பியில் எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைக்கும் ட்ரைக்கு 5 புள்ளி, அதைத் தொடர்ந்து உதைக்கும் கன்வர்ஷனுக்கு 2, எதிரணியின் தவறுக்காகக் கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் பெனால்டி கோலுக்கு 3. ஆக, 7 புள்ளி வித்தியாசம் என்றால் ஒரே ஒரு தாக்குதல் தூரம். சிக்ஸ் நேஷன்ஸிலும் 7 அல்லது அதற்குக் குறைவான வித்தியாசத்தில் தோற்றால் ஒரு போனஸ் புள்ளி கிடைக்கும். அதையே கோடாக வைத்துக்கொள்ளலாம்.

7-க்குள் தோற்றவை ஏழு. 2024 சிக்ஸ் நேஷன்ஸில் ஸ்காட்லாந்து 26-27, இங்கிலாந்து 14-16, இத்தாலி 21-24. அதே ஆண்டு நவம்பரில் ஃபிஜி 19-24. 2025இல் இத்தாலி 15-22, ஸ்காட்லாந்து 29-35, ஜப்பான் 19-24.

20-க்கு மேல் தோற்றவையும் ஏழு. 2024இல் அயர்லாந்து 7-31, பிரான்ஸ் 24-45, தென்னாப்பிரிக்கா 13-41, ஆஸ்திரேலியா 20-52, மீண்டும் தென்னாப்பிரிக்கா 12-45. 2025இல் பிரான்ஸ் 0-43, இங்கிலாந்து 14-68.

மீதி நான்கு இடைப்பட்டவை. உலகக் கோப்பைக் காலிறுதியில் அர்ஜென்டினா 17-29, 2024 ஜூலையில் சிட்னியிலும் மெல்போர்னிலும் ஆஸ்திரேலியா 16-25, 28-36, 2025 பிப்ரவரியில் அயர்லாந்து 18-27.

நெருங்கித் தோற்ற ஏழுக்குக் காரணம் பெரும்பாலும் மைதானத்துக்குள்ளேயே இருக்கிறது. கோச்சும் கேப்டனும், 10-ஆம் எண்ணில் ஆட்டத்தை நடத்தும் ஃப்ளை-ஹாஃபும் பதில் சொல்ல வேண்டியவை அவை. அடிவாங்கிய ஏழுக்கு அந்த வாரத்தில் யார் கோச்சாக இருந்திருந்தாலும் பெரிய மாற்றம் வந்திருக்காது. அவற்றின் வேர் கிளப்களின் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. 68 வாங்கிய அன்று ஆட்டக்காரர்களைத் திட்டுவதும், 2 புள்ளியில் தோற்ற அன்று யூனியனைத் திட்டுவதும் இடம் மாறிய கோபங்கள்.

“கிட்டத்தட்ட ஜெயித்தோம்” என்ற கணக்கு

நெருங்கிய ஏழையும் அப்படியே நம்பக்கூடாது. 2024இல் வேல்ஸின் தலைநகர் கார்டிஃபில் ஸ்காட்லாந்துக்கு எதிராக இரண்டாம் பாதித் தொடக்கத்தில் வேல்ஸ் 0-27 என்று பின்தங்கியிருந்தது. முதல் பாதியில் சொந்த லைன்-அவுட்டையே (வெளியே போன பந்தை ஓரத்திலிருந்து எறிந்து ஆட்டத்தைத் தொடர்வது) ஒழுங்காக ஜெயிக்க முடியவில்லை. பிறகு ஸ்காட்லாந்து அடுக்கடுக்காகப் பெனால்டி கொடுத்தது, இரண்டு மஞ்சள் அட்டை (பத்து நிமிடம் வெளியே) வாங்கியது. வேல்ஸ் நான்கு ட்ரை போட்டு 26 வரை வந்தது. அடுத்த ஆண்டு எடின்பரோவிலும் அதே கதை: 8-35இலிருந்து 29-35. கார்டிஃபில் இத்தாலியிடம் 7-24இலிருந்து கடைசி நிமிடங்களில் இரண்டு ட்ரை போட்டு 21-24. ரோமில் மழையில் நடந்த ஆட்டத்திலும் இரண்டு ட்ரைகள் வந்தன, ஆட்டம் கைநழுவிய பிறகு.

தொலைந்துபோன ஆட்டத்தில் துரத்தி வருவது சுலபம். 20 புள்ளிக்கு மேல் முன்னே நிற்கும் அணி முன்வரிசையை மாற்றும், புதியவர்களை இறக்கும், கொஞ்சம் தளரும். துரத்தும் அணிக்கு இழக்க எதுவும் இல்லாததால் தன் எல்லையிலிருந்தே பந்தை ஓடவிடும். ஸ்கோர்பலகையில் வித்தியாசம் குறுகும், ஆட்டத்தின் பிடி மாறாது. ஆறு புள்ளியில் தோற்றதைப் பார்த்து “முன்னேற்றம் தெரிகிறது” என்று பேசியவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாந்தார்கள். கேட்க வேண்டிய கேள்வி முதல் 40 நிமிடம் ஏன் அப்படிப் போனது என்பது.

உண்மையில் கைக்கு வந்து நழுவியவை இங்கிலாந்து, ஃபிஜி, ஜப்பான் ஆட்டங்கள். ட்விக்கன்ஹாமில் இங்கிலாந்துக்கு முதல் பாதியிலேயே இரண்டு மஞ்சள் அட்டை. ஒரு பெனால்டி ட்ரை (நிச்சய ட்ரையை எதிரணி தவறாகத் தடுத்ததற்கு 7 புள்ளி), அலெக்ஸ் மானின் ஒரு ட்ரை என இடைவேளைக்கு வேல்ஸ் 14-5. இரண்டாம் பாதியில் வேல்ஸ் எடுத்த புள்ளி பூஜ்யம். கடைசிக் கட்டத்தில் ஜார்ஜ் ஃபோர்டின் பெனால்டி ஆட்டத்தை முடித்துவைத்தது. பதினேழு மாதம் கழித்து ஜப்பானின் கிடாக்யூஷூவில் கடும் வெக்கை, இடைவேளைக்கு 19-7. இரண்டாம் பாதியில் மறுபடியும் பூஜ்யம். நடுவில் கோச் மாறியிருந்தார், அணியும் பெரும்பாலும் மாறியிருந்தது. வியாதி மட்டும் மாறவில்லை.

முன்னிலையைக் காப்பது தனி வித்தை. 14-5இல் இருக்கும் அணி செய்ய வேண்டியது மூன்று. தன் பாதியில் பந்தை வைத்துக்கொண்டு ஐந்தாறு கட்டங்களுக்கு (ஒவ்வொரு மோதலும் ஒரு கட்டம்) மேல் ஆடாமல், உயரமாகவோ ஆழமாகவோ உதைத்து எதிரணியைத் தன் எல்லைக்குத் திருப்ப வேண்டும். உதைக்கும்போது துரத்தும் வரிசை ஒன்றாக ஓட வேண்டும். ஒருவர் முந்தி ஒருவர் பிந்தினால் நடுவில் வழி திறந்துவிடும். எதிரணியின் 22 மீட்டர் கோட்டுக்குள் நுழைந்தால் குறைந்தது மூன்று புள்ளியாவது எடுக்காமல் திரும்பக் கூடாது. 14-5 என்பது 17-5 ஆனால் எதிரணி ஜெயிக்க இரண்டு ட்ரை போதாது, கூடவே இரண்டு கன்வர்ஷனும் வேண்டும். இவை எல்லாம் ஃப்ளை-ஹாஃபின் கையில் இருக்கும் முடிவுகள். அங்கேதான் ஓட்டை.

வேல்ஸுக்காக 112 டெஸ்ட் ஆடிய டான் பிகர் 2023 உலகக் கோப்பையோடு விலகினார். அடுத்த ஆண்டுகளில் 10-ஆம் எண் சட்டை சாம் கோஸ்டெலோ, இயோன் லாயிட், பென் தாமஸ், கேரத் ஆன்ஸ்கம்ப் என்று சுற்றிக்கொண்டே இருந்தது. பென் தாமஸ் அடிப்படையில் இன்சைட் சென்டர், அதாவது 12-ஆம் எண் ஆட்டக்காரர். 2025இல் பாரிஸிலும் ரோமிலும் அவரை 10-இல் இறக்கியது, அனுபவமுள்ள ஆன்ஸ்கம்பை அணியிலேயே எடுக்காமல் விட்டுவிட்டு. ரசிகர்களின் குறைகளில் மிக நியாயமானது இதுதான் என்று சொல்லலாம். பிரான்ஸில் 0 புள்ளி, இத்தாலியில் 15. மூன்றாவது ஆட்டத்துக்குப் புதிய கோச் வந்ததும் ஆன்ஸ்கம்ப் திரும்ப அழைக்கப்பட்டார்.

எதிரணி ஆள் குறைந்தபோது என்ன நடந்தது என்பதையும் இங்கே சேர்க்க வேண்டும். 2024 நவம்பரில் 20 நிமிடச் சிவப்பு அட்டை நடைமுறையில் இருந்தது: அட்டை வாங்கியவர் திரும்ப முடியாது, 20 நிமிடம் கழித்து வேறொருவர் இறங்கலாம். ஃபிஜியின் செமி ரத்ரத்ரா, அடுத்த வாரம் ஆஸ்திரேலியாவின் சாமு கெரெவி, 2025 பிப்ரவரியில் அயர்லாந்தின் கேரி ரிங்ரோஸ் என மூன்று எதிரணிகள் 20 நிமிடம் 14 பேராக ஆடின. மூன்று ஆட்டத்திலும் வேல்ஸ் தோற்றது. ஃபிஜிக்குக் கார்டிஃபில் கிடைத்த முதல் வெற்றி அதுதான்.

14 பேருக்கு எதிராக ஆடுவதில் ஒரு பொதுவான தவறு உண்டு. ஆள் குறைந்ததும் ஓரத்தில் இடம் கிடைக்கும் என்று முதல் கட்டத்திலேயே பந்தை அகலமாக வீசுவார்கள். அந்த அணி ஓரத்தைத்தான் காத்து நிற்கும். சரியான வழி, மைதானத்தின் நடுவில் ஸ்க்ரம் (இரு அணி முன்கள வீரர்களும் பிணைந்து தள்ளுவது) அமைத்து எட்டுப் பேரை அங்கே கட்டிப்போடுவது, அல்லது நடுவில் இரண்டு மூன்று முறை மோதி உள்ளிருப்பவர்களை இழுத்துவிட்டு அதன் பிறகு வெளியே போவது. அயர்லாந்துக்கு எதிராக வேல்ஸ் இதைச் செய்தது. ஜாக் மோர்கனும் டாம் ரோஜர்ஸும் ட்ரை போட்டார்கள், 18-10 என்று முன்னிலை வந்தது. அதற்குப் பிறகு ஒரு புள்ளிகூட வரவில்லை.

அடிவாங்கிய ஆட்டங்களின் இயந்திரம்

2024 மார்ச்சில் கார்டிஃபில் பிரான்ஸுக்கு எதிரான ஆட்டம் நல்ல பாடம். இரண்டாம் பாதித் தொடக்கத்தில் வேல்ஸ் 24-20 என்று முன்னே. அங்கிருந்து பிரான்ஸ் தொடர்ந்து 25 புள்ளி எடுத்தது, வேல்ஸ் ஒன்றும் எடுக்கவில்லை. இரண்டு அணிகளின் முதல் பதினைந்துக்கும் நடுவே இருந்த வித்தியாசம் சிறியது. உட்கார்ந்திருந்த மாற்று வீரர்களுக்கு நடுவே இருந்தது பெரியது. பிரான்ஸ் இறக்கியது கனமான, சொந்த நாட்டு டாப் 14 லீக்கில் வாராவாரம் ஆடும் முன்கள வீரர்களை. வேல்ஸிடம் அதற்குச் சமமாக ஆளில்லை.

ஆட்டம் இப்படி உடைவதற்கு ஒரு வரிசை உண்டு. ஸ்க்ரம்மிலோ தரையிலோ ஒரு பெனால்டி போகும். எதிரணி அதை எல்லைக்கோட்டுக்கு வெளியே உதைக்கும். பெனால்டி உதை என்பதால் லைன்-அவுட் எறியும் உரிமையும் உதைத்தவர்களுக்கே. ஆக ஒரே தவறில் 40 மீட்டர் நிலமும் போகும், பந்தும் போகும். ட்ரை கோட்டிலிருந்து ஐந்து மீட்டரில் லைன்-அவுட், பிடித்த கையோடு மால், அதாவது பந்து வைத்திருப்பவரைச் சுற்றிப் பிணைந்து கூட்டமாகத் தள்ளுவது. தடுக்கும் அணி அதைச் சரித்தால் மறுபடி பெனால்டி, மூன்றாவது முறை மஞ்சள் அட்டை, இப்போது 14 பேர். சரிக்காமல் விட்டால், லைன்-அவுட் எறிந்த ஹூக்கர் பின்னால் பந்தோடு வந்து ட்ரை கோட்டில் விழுவார். 2024 நவம்பரில் ஆஸ்திரேலிய ஹூக்கர் மேட் ஃபெஸ்லர் ஒரே ஆட்டத்தில் மூன்று ட்ரை போட்டார். அன்று ஃபுல்-பேக் டாம் ரைட்டும் மூன்று போட்டார். ஆனால் அந்த மூன்றுக்கு இடம் கிடைத்ததே, முன்னால் நடந்ததில் வேல்ஸின் முன்கள வீரர்கள் களைத்துப் போயிருந்ததால்தான்.

மால் தாக்குதலை நிறுத்த வேண்டிய இடம் அது உருள ஆரம்பித்த பிறகு அல்ல. லைன்-அவுட்டில் எதிரணி தாவும்போதே ஒருவரைத் தூக்கிப் பந்துக்குப் போட்டியிட வேண்டும், அல்லது யாரையும் தூக்காமல் எட்டுப் பேரும் தரையில் நின்று, பிடித்தவர் கால் தரையைத் தொட்ட கணத்தில் இறுகத் தள்ள வேண்டும். இரண்டுக்கும் நடுவில் தயங்கினால் கதை முடிந்தது. தள்ளுவதற்கு முன்களத்தின் கனமான ஆட்களான லாக்குகளும் ப்ராப்களும் வேண்டும். அனுபவம் வேண்டும்.

அனுபவம் எங்கே போனது? வேல்ஸுக்காக 158 டெஸ்ட் ஆடிய அலன் வின் ஜோன்ஸும் ஜஸ்டின் டிப்யூரிக்கும் 2023 மே மாதம் ஒரே நாளில் விலகினார்கள். உலகக் கோப்பைக்குப் பிறகு பிகர், அடுத்து 101 ஆட்டங்களோடு லீ ஹாஃப்பென்னி. 2024 மார்ச்சில் இத்தாலிக்கு எதிராக ஆடிவிட்டு 121 ஆட்டங்களோடு ஜார்ஜ் நார்த். அடுத்த மாதம் ஹூக்கர் கென் ஓவன்ஸ். ஜோன்ஸ், நார்த், பிகர், ஹாஃப்பென்னி நால்வரை மட்டும் கூட்டினாலே 492 டெஸ்ட். 2024 ஜனவரியில் சிக்ஸ் நேஷன்ஸ் அணி அறிவிக்கும் நாளிலேயே லூயி ரீஸ்-சாமிட் அமெரிக்கக் கால்பந்துக்குப் போவதாகச் சொன்னார். அந்தத் தொடருக்குக் கேப்டனாக நின்றவர் 21 வயது டாவித் ஜென்கின்ஸ்.

மூத்தவர்கள் ஓய்வு பெறுவது இயற்கை. அவர்கள் 30 தாண்டியும் ஆடிக்கொண்டிருந்தபோதே அடுத்தவர்களுக்கு ஆட்டம் கொடுத்திருக்க வேண்டும். 2022இல் அப்போதைய கோச் வேய்ன் பிவாக்கின் அணி கார்டிஃபில் இத்தாலியிடம் 21-22 என்றும் ஜார்ஜியாவிடம் 12-13 என்றும் தோற்றபோதே மணி அடித்தாகிவிட்டது. டிசம்பரில் பிவாக் போனார், பழைய கோச் வாரன் கேட்லாண்ட் திரும்பி வந்தார். 2023 உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவை 40-6 என்று அடித்ததும் எல்லோரும் மணியை மறந்தார்கள். அந்த 40-6 வேல்ஸுக்கு நல்லதைவிடக் கெட்டதே அதிகம் செய்தது.

காசும் கிளப்களும்

2003இல் வேல்ஸ் ரக்பி யூனியன் பழைய கிளப்களுக்கு மேலே ஐந்து மண்டல அணிகளை உருவாக்கியது. செல்ட்டிக் வாரியர்ஸ் ஒரே பருவத்தில் கலைக்கப்பட்டது. கார்டிஃப், ஸ்கார்லெட்ஸ், ஓஸ்ப்ரேஸ், டிராகன்ஸ் நான்கும் நின்றன. தேசிய அணிக்கு ஆள் வருவது முக்கியமாக இந்த நான்கிலிருந்து. ஆக இவற்றின் ஊதியப் பட்ஜெட்தான் தேசிய அணியின் எலும்பு.

2023-24இல் ஒவ்வொரு அணிக்கும் ஆட்டக்காரர்களுக்கான பட்ஜெட் 52 லட்சம் பவுண்டு. 2024-25இல் அது 45 லட்சத்துக்கு இறங்கியது. அதே ஆண்டு இங்கிலாந்தின் பிரீமியர்ஷிப்பில் ஊதிய உச்சவரம்பு 64 லட்சம் பவுண்டாக உயர்ந்தது. பிரான்ஸில் அது ஒரு கோடி யூரோவுக்கும் மேல். எல்லை தாண்டி ஒரு மணி நேரம் கார் ஓட்டினால் பிரிஸ்டல், கொஞ்சம் தள்ளி குளோஸ்டர், பாத்.

2023 பிப்ரவரியில் ஒப்பந்தங்கள் நிச்சயமில்லாமல் கிடந்ததால் இங்கிலாந்து ஆட்டத்தையே புறக்கணிக்கப்போவதாக வேல்ஸ் வீரர்கள் மிரட்டினார்கள். ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்புதான் சமரசம் வந்தது. வெளிநாட்டுக் கிளப்பில் ஆடிக்கொண்டே வேல்ஸுக்கு ஆட 60 டெஸ்ட் முடித்திருக்க வேண்டும் என்ற விதி அப்போது 25-ஆகக் குறைந்தது. அன்று அது நியாயமான விட்டுக்கொடுத்தல். அதன் பக்கவிளைவு, 25 டெஸ்ட் முடித்த, சரியாக முதிர்ந்த வயதில் இருக்கும் வீரருக்கு வெளியே போக வாசல் திறந்தது. இதன் விலை 2024 ஜூன் 22-இல் தெரிந்தது. ட்விக்கன்ஹாமில் தென்னாப்பிரிக்காவுடன் நடந்த ஆட்டம் சர்வதேச அட்டவணைக் காலத்துக்கு வெளியே வந்ததால், இங்கிலாந்துக் கிளப்களில் ஆடியவர்களை எடுக்க முடியவில்லை.

ஸ்க்ரம் முன்வரிசையின் வலது பக்கமான டைட்-ஹெட் ப்ராப் இடத்தை வைத்துப் பார்த்தால் கணக்கு இன்னும் தெளிவு. ஸ்க்ரம்மின் பாரம் முழுக்க விழும் இடம் அது. அங்கே ஒருவர் முதிர 25, 26 வயதாகும், அதுவும் வாராவாரம் ஆடினால்தான். நான்கு மண்டல அணி என்றால் நாட்டுக்குள் தொடங்கும் இடம் நான்கு. அதில் ஒன்றில் வெளிநாட்டவர், ஒன்றில் காயம் என்றால் மீதி இரண்டு. அந்த இருவரையும் டெஸ்டில் இறக்கினால் 60-ஆவது நிமிடத்துக்குப் பிறகு யார் வருவார்? இதற்குக் கோச்சின் வெள்ளைப் பலகையில் பதில் இல்லை.

முடிவெடுக்க வேண்டியவர்கள்

2023 ஜனவரியில் யூனியனுக்குள் பெண் ஊழியர்கள் நடத்தப்பட்ட விதம் தொலைக்காட்சியில் அம்பலமானது, தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் ஃபிலிப்ஸ் விலகினார். ஏபி டியர்னி 2024 ஜனவரியில் பொறுப்பேற்றார். கிட்டத்தட்ட ஓராண்டு நிரந்தரத் தலைமை இல்லாமல் போயிற்று, அதுவும் ஒப்பந்தச் சண்டையின் நடுவில்.

2024 மார்ச்சில் இத்தாலியிடம் தோற்று, 2003-க்குப் பிறகு முதல் முறையாகச் சிக்ஸ் நேஷன்ஸில் கடைசி இடத்துக்கு வந்தபோது, கேட்லாண்ட் தானே விலகத் தயார் என்றார். டியர்னி ஏற்கவில்லை. நவம்பரில் மூன்றும் தோற்ற பிறகு ஆய்வு நடந்தது, மறுபடியும் தொடர்ந்தார். 2025 பிப்ரவரி 11-இல், சிக்ஸ் நேஷன்ஸில் இரண்டே ஆட்டம் முடிந்திருந்தபோது, அவர் போனார். ஒரு தொடருக்கு முன் ஆய்வு செய்து “இவரே போதும்” என்று சொல்லிவிட்டு, இரண்டு ஆட்டத்தில் மனம் மாறினால் அந்த ஆய்வு எதை அளந்தது? ரசிகர்கள் இதைக் கேட்டதில் தப்பே இல்லை. நவம்பரில் மாற்றியிருந்தால் புதியவருக்குப் பத்து வாரம் கிடைத்திருக்கும். பிப்ரவரியில் மாற்றியதால் கார்டிஃப் கிளப்பின் கோச் மேட் ஷெரட்டுக்கு அயர்லாந்து ஆட்டத்துக்கு முன் கிடைத்தது பதினோரு நாள்.

ஷெரட் வந்ததும் தாக்குதல் மாறியது கண்கூடு. 0, 15 என்று இருந்த அணி 18, 29 என்று எடுத்தது. வெளியே நின்ற ஜாரட் எவன்ஸ், மேக்ஸ் லூவெலின் உள்ளே வந்தார்கள், பந்து கைமாறும் வேகம் கூடியது. தடுப்பு மாறவில்லை: 27, 35, பிறகு கார்டிஃபில் இங்கிலாந்திடம் பத்து ட்ரை, 68. தாக்குதல் வடிவத்தைப் பத்து நாளில் சொல்லிக்கொடுக்கலாம். முன்கள வலிமையைச் சொல்லிக்கொடுக்க முடியாது. கோச்சை மாற்றினால் எவ்வளவு கிடைக்கும், எவ்வளவு கிடைக்காது என்பதற்கு இதைவிட நேரான அளவு கிடைப்பது அரிது.

அடுத்த மாதமே, 2025 ஏப்ரலில், கார்டிஃப் கிளப் திவாலாகி யூனியன் அதை வாங்க வேண்டி வந்தது.

ரசிகன் எதைப் பார்க்கலாம்

ஸ்கோரை மட்டும் பார்த்தால் எரிச்சல்தான் மிஞ்சும். அணி தேறுகிறதா என்று தெரிய வேறு சில எண்கள் உதவும். தன் பாதிக்குள் கொடுத்த பெனால்டி எத்தனை. சொந்த லைன்-அவுட்டில் பத்தில் எத்தனை ஜெயித்தது. எட்டுக்குக் கீழே என்றால் அன்று தாக்குதல் திட்டம் எதுவும் நடக்காது. எதிரணியின் 22-க்குள் ஒரு முறை நுழைந்தால் சராசரியாக எத்தனை புள்ளியோடு திரும்பியது. 60-இலிருந்து 80 நிமிடம் வரையான ஸ்கோரை மட்டும் தனியாக எழுதிப் பார்க்கலாம், மாற்று வீரர்களின் தரம் அதில் தெரிந்துவிடும். ஆனால் ஆட்டம் 20 புள்ளிக்கு மேல் விலகிய பிறகு வருவதை இதில் சேர்க்கக் கூடாது.

தரவரிசையையும் அலட்சியம் செய்ய முடியாது. அது இரு அணிகளுக்குள் புள்ளி கைமாறும் முறை. சொந்த மண்ணில் ஆடும் அணிக்கு 3 புள்ளி கூடுதலாக இருப்பதாக வைத்துக் கணக்கிடுவார்கள். 15-க்கு மேல் வித்தியாசத்தில் வென்றால் கைமாறுவது ஒன்றரை மடங்கு, உலகக் கோப்பையில் இரு மடங்கு. கிடாக்யூஷூ தோல்வியில் 14-ஆம் இடத்துக்கு விழுந்தது வெறும் மானக்கேடு அல்ல. 2027 உலகக் கோப்பைக் குலுக்கலில் 24 அணிகளை ஆறாறாக நான்கு அடுக்கில் வைத்தார்கள். 13-ஆம் இடத்தில் இருந்தால் மூன்றாம் அடுக்கு, அதாவது தனக்கு மேலே இரண்டு பலமான அணிகளோடு ஒரே பிரிவு. 2025 நவம்பரில் கார்டிஃபில் ஜப்பானை 24-23 என்று கடைசி உதையில் வென்றதுதான் வேல்ஸை இரண்டாம் அடுக்கில் நிறுத்தியது. ஜாரட் எவன்ஸின் அந்த ஒரு பெனால்டியின் மதிப்பு மூன்று புள்ளிக்கும் மேல். டிசம்பர் குலுக்கலில் இங்கிலாந்து, டோங்கா, ஜிம்பாப்வே அணிகளோடு வேல்ஸ் சேர்ந்தது.

ஜப்பானை ஒரு புள்ளியில் ஜெயித்ததற்காக நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டிய நிலை வந்ததே என்ற எரிச்சல் தனி.

டேண்டி வந்த பிறகு

2025 ஜூலையில் ஸ்டீவ் டேண்டி தலைமைக் கோச்சாக அறிவிக்கப்பட்டார். 2007இல் கேரத் ஜென்கின்ஸ் போன பிறகு நிரந்தரமாக அந்தப் பதவிக்கு வந்த முதல் வேல்ஸ்காரர். முதல் நவம்பரில் அர்ஜென்டினாவிடம் 28-52, ஜப்பானை வென்றது, நியூசிலாந்திடம் 26-52, கடைசியாக நவம்பர் 29-இல் தென்னாப்பிரிக்காவிடம் 0-73. சொந்த மண்ணில் வேல்ஸ் இவ்வளவு பெரிய வித்தியாசத்தில் முன்பு தோற்றதே இல்லை.

அந்த 0-73-ஐ இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். தென்னாப்பிரிக்கா உலகச் சாம்பியன், நல்ல ஃபார்மில் இருந்தது. அது ஒரு பங்கு. மறுபங்கு, ஆட்டம் மறுபடியும் சர்வதேச அட்டவணைக் காலத்துக்கு வெளியே வைக்கப்பட்டது. இங்கிலாந்து, பிரான்ஸ் கிளப்களில் இருந்த பத்துக்கும் மேற்பட்டவர்கள் கிளப்புக்குத் திரும்பிவிட்டார்கள். 2024 ஜூனில் ஒரு முறை பட்ட பாடு அது. டிக்கெட் வருமானத்துக்காக அதே தேதிப் பிழையைத் திரும்பச் செய்து, 22 வயதுக்காரர்களை அந்த மலைக்கு முன்னால் நிறுத்தியதற்கு டேண்டியைக் கேட்டுப் பயனில்லை. அட்டவணை போடும் அறையில்தான் அந்தக் கோபம் போய்ச் சேர வேண்டும்.

கட்டமைப்பில் யூனியன் 2025 ஆகஸ்டில் நான்கு மண்டலங்களை இரண்டாகக் குறைக்கும் யோசனையை முன்வைத்து, எதிர்ப்புக்குப் பிறகு அக்டோபரில் மூன்று என்று முடிவு செய்தது. ஒவ்வொரு அணிக்கும் கூடுதல் பணம், அதனால் வெளியே போகிறவர்கள் குறைவார்கள், மாற்று வீரர்களின் தரம் உயரும் என்பது வாதம். பணக் கணக்கில் அது சரி. ஆனால் டைட்-ஹெட் கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள்: தொடங்கும் இடம் நான்கிலிருந்து மூன்றாகிறது. 21 வயது ப்ராப் ஒருவர் மூன்றாம் ஆளாக உட்கார்ந்தே இரண்டு பருவம் கழித்தால் 26-இல் அவர் தயாராக மாட்டார். அவருக்கு ஆட்டம் கிடைக்க வேண்டிய இடம் 2024இல் தொடங்கிய சூப்பர் ரக்பி கம்ரி என்ற பத்து அணி லீக். பகுதி நேர வீரர்கள் ஆடும் அந்த லீக்கின் ஸ்க்ரம் தரத்துக்கும் டெஸ்ட் ஸ்க்ரம்முக்கும் இடையிலான தூரம் பெரியது. மூன்று அணித் திட்டம் அந்தத் தூரத்தை எப்படிக் கடக்கப்போகிறது, அந்த லீக்குக்கு எவ்வளவு பணம், எத்தனை முழுநேரக் கோச், இளம் முன்கள வீரர்களுக்கு ஆண்டுக்கு எத்தனை ஆட்டம் உறுதி என்பதை ரசிகர்கள் இப்போதே கேட்கலாம். 2027 அக்டோபர் 1-இல் ஆஸ்திரேலியாவில் உலகக் கோப்பை தொடங்குகிறது.